கீழ்வீட்டுக்காரரின் கால் பற்றி மேல்வீட்டுத் தையற்காரி சொன்னது

என் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளபடி சரி. வயது ஐம்பத்தாறு. வீட்டிலேயே மோட்டார் மிஷின் வைத்துத் தலையணை உறையும் ஜன்னல் திரையும் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கணவர் உயிருடன் இருக்கிறார், என்னுடன் இல்லை. பிள்ளைகள் இல்லை. இந்தக் காவல் நிலையத்தில் என்னை யாரும் மிரட்டவில்லை, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு என் சுயபுத்தியோடுதான் பதில் சொல்கிறேன்.

எனக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது. எங்களுக்குள் நல்ல பழக்கம் இருந்ததா என்று கேட்டீர்கள். கிடையாது. நான் மிஷினை ஓட்டினால் அவர் ஒட்டடைக் கம்பால் அவர் வீட்டு மேற்கூரையை, அதாவது என் வீட்டுத் தரையை, இடிப்பார். அவர் இடித்தால் நான் இன்னும் அழுத்தி மிதிப்பேன். படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பல வருடங்களாக இது ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது.

சம்பவத்தன்று காலையிலிருந்து ஒரு அவசர ஆர்டருக்காக விடாமல் மிஷின் ஓட்டினேன். கீழேயிருந்து இடி வரவில்லை. முந்தின நாளும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன், அதன் பிறகு இந்த மனுஷனுக்கு எந்த ஊர், எந்த நாளில் யார் வந்து பார்த்தார்கள் என்று தோன்றவே, கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பதில் இல்லை. அதன் பிறகு கட்டடத்துக் காவலாளியை அழைத்துவந்து கதவை நெம்பச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் சமையலறை வாசலில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். உடம்பு கொதித்தது, கை விரல்கள் மட்டும் ஐஸாக இருந்தன. வலது காலில் பழைய துண்டைச் சுற்றி வைத்திருந்தார். அந்த நாற்றத்தை நான் சொல்ல விரும்பவில்லை. காவலாளி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் மிஷின் சுவிட்சைக்கூட அணைக்காமல் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வாசல் ஆள் கூட வந்தது யார் என்று கேட்டதற்கு, மேல் வீடு என்றுதான் உண்மையைச் சொன்னேன். அக்கம்பக்கத்தார் வெளியே பெஞ்சில் உட்காரவேண்டும் என்றார். உட்கார்ந்தேன். அதன் பிறகு உள்ளேயிருந்து அவர் கத்துகிற சத்தம் கேட்டது. அவர் ஊசியைப் பிடுங்குகிறார், கூட வந்தவர்கள் யாராவது பிடியுங்கள் என்று ஒரு நர்ஸ் வெளியே வந்து சொன்னதால் உள்ளே போனேன். என் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்ததை அந்த நர்ஸ்தான் காட்டினார். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன்.

பிரஷர் பார்க்கிற பட்டையை ஒரு கையில் கட்டினார்கள், காட்டவில்லை, மறு கையில் கட்டினார்கள், காட்டியதைப் பார்த்து மறுபடியும் கட்டினார்கள். ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. ஒரு ஆண் நர்ஸ் சலைன் பையை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு நின்றார். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் அவருடைய நகத்தை அமுக்கி விட்டுவிட்டு, வெளுத்த இடம் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது கீழ்வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, அதுவரை ஒருநாளும் இல்லாதபடி ஒருமையில், "ஏய், மிஷின நிறுத்து. தல வெடிக்குது," என்றார். அங்கே மிஷின் ஏது. நானும் பயத்தில் வாய்க்கு வந்தபடி, "வாய மூடிட்டுப் படு. காலு அழுகுற வரைக்கும் சொல்லத் துப்பில்ல, வந்துட்டாரு என்ன அதட்ட," என்றேன். அவர் கையை நீட்டிக்கொண்டு படுத்துவிட்டார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "தங்கச்சியாம்மா நீங்க? சண்டையப் பாத்தாலே தெரியுது," என்றார்.

நான் ஆமாம் என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று வரவில்லை. வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு கழுத்து நரம்பில் குழாய் போட்டு, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆண்டிபயாட்டிக் ஏற்றி, பிரஷர் ஏறுவதற்கான மருந்தையும் ஒரு சின்ன மெஷின் வழியாக ஏற்றினார்கள். மூத்திரப் பை காலியாகவே தொங்கியது. நர்ஸ் வருகிறபோதும் போகிறபோதும் அதையே குனிந்து பார்த்தார். அதன் பிறகு டாக்டரம்மா என்னை ஓரமாக அழைத்து, "கிருமி ரத்தத்துல கலந்துருச்சும்மா. பிரஷர் நிக்க மாட்டேங்குது. அந்தக் கால எடுக்காம நாங்க எவ்வளவு ஏத்துனாலும் ஓட்டக் குடத்துல ஊத்துற கததான்," என்றார். அறுவை டாக்டர் வந்து பார்த்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தாகவேண்டும், இன்றே, இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றார். சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், யாருமே இல்லையென்றால் பெரிய டாக்டர் போடுவார், அவர் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

நான் உடனே கையெழுத்துப் போடவில்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளவும். அவருடைய பட்டன் போனில் அண்ணன் என்று ஒரு நம்பர் இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. தம்பி நம்பர் என்று தெரிந்தேதான் எடுக்கவில்லை, பேச்சுவார்த்தை இல்லை என்று அண்ணனே உங்களிடம் சொன்னதாக அறிகிறேன். வேறு நம்பர்களும் இருந்தன. ஒன்று மருந்துக் கடை, ஒன்று கேஸ் கம்பெனி. நர்ஸ் வந்து பிரஷர் இன்னும் இறங்குகிறது என்று டாக்டரம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகு தாளை வாங்கி, உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துணியை வெட்டுவதற்கே இரண்டு தடவை அளந்து பார்க்கிறவள் நான்.

காலை எடுத்தார்கள். அவர் பிழைத்தார். அவர் கண் விழிக்கும்வரை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே இருந்தேன். உள்ளேயிருந்து யாராவது தலையை நீட்டி, "தங்கச்சி யாரு?" என்று கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். மருந்து வாங்கி வா, போர்வை கொண்டு வா, கொஞ்சம் தேறியிருக்கிறார் என்பதைத் தவிர அவர்கள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவருக்காக என்னைத் தேடினார்கள். அது எனக்கு நன்றாக இருந்தது. அவர் சாகக் கிடந்தபோது எனக்கு நன்றாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் மறைக்கவில்லை. எழுத்தர் இது வழக்குக்குத் தேவையில்லை என்கிறார். என்னைக் கேட்டால் தேவை.

கண் விழித்ததும் அவர் போர்வை பள்ளமாக இருந்த இடத்தைப் பார்த்தார், அதன் பிறகு என்னைப் பார்த்து, "நீயா?" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவோ சொல்லலாம் என்று வைத்திருந்தேன், போர்வையை மட்டும் சரிசெய்தேன். மறுநாள் அவருடைய அண்ணன் வந்து, எங்களுக்குத் தங்கையே கிடையாதே, இது யார் என்று கேட்டதும் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு இதனால் என்ன கெடுதல் வந்ததோ தெரியாது, அதற்கு நான்தான் பொறுப்பு. அன்றிலிருந்து வார்டுக்குள் விட மறுக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று போனில் கேட்டாலும் நீங்கள் யார் என்கிறார்கள்.

தங்கை என்று பொய்க் கையெழுத்துப் போட்டு வீட்டை அமுக்கப் பார்த்தேன் என்று அண்ணன் புகாரில் சொல்லியிருப்பதற்குப் பதில். அது வாடகை வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு ஒட்டடைக் கம்பு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இன்று காலை நீங்கள் வார்டில் கீழ்வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மயங்கி விழுவதற்கு முன் தான்தான் என்னைத் தங்கை என்று சொல்லச் சொன்னதாகவும், கை காலில் எதை எடுத்தாலும் சரி, உயிரைக் காப்பாற்று என்று என்னிடம் கேட்டுக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். நானும் அதையே சொல்லிவிட்டால் புகார் நிற்காது, இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நல்லதுக்குத்தான் சொன்னீர்கள், தெரிகிறது.

அவர் அப்படி எதுவும் என்னிடம் சொல்லவில்லை. சொல்கிற நிலையிலும் இல்லை. காலை எடுக்கச் சொன்னது நான். அவரைக் கேட்கவில்லை. இனி ஆயுசுக்கும் ஒற்றைக் காலோடு அந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறவர் அவர். அதற்குத் தானே சம்மதித்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு வலிக்கும்போது யாரைத் திட்டுவார்? என்னைத் திட்டட்டும். மேலேதான் இருப்பேன்.

அவர் சொன்னது பொய் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். எனக்காக இதுவரை யாரும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஆகவே அதற்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதச் சொல்லி, அதன் கீழ் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)