அநாதை வேகனை அளந்த தலைவர்

மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அண்ணி அவர்களே, வாரம் தவறாமல் இந்த மாடியறைக்கு வந்து பொம்மை ரயில் விடுவதாக வீட்டில் திட்டு வாங்கும் என் அருமைச் சங்கத் தோழர்களே!

நம் மாடல் ரயில் சங்கத்தின் தலைவர், தேர்ந்த தையற்கலைஞர், நாமெல்லாம் 'நூல் அண்ணன்' என்று அழைத்த மனிதர், இன்று நம்மிடையே இல்லை. சென்ற வாரம் கடையில், துணி வெட்டும் மேசைமேல் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. அளவு நாடா கழுத்திலேயே கிடந்ததாம். எதைப் பார்த்தாலும் "ஒரு நூல் கூட இருக்கு, ஒரு நூல் கொறையுது" என்று சொன்ன வாயை மரணம் மூடிவிட்டதே! இனி நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஆம், சண்டைதான். இரங்கல் கூட்டத்தில் பொய் சொல்வானேன்? அவர் சிவப்பு அட்டைப்பெட்டியில் மாடல் ரயில் விற்கும் கம்பெனியின் கட்சி. நான் நீல அட்டை. 'நிஜ வண்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு' என்றுதான் இரண்டு கம்பெனிக்காரர்களும் அச்சடித்திருப்பார்கள். ஆனால் இரண்டு சரக்கு வேகன்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். என்னுடையது குள்ளமாகப் பருத்து நிற்கும். அவருடையது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பச்சை அட்டைக் கம்பெனியின் வேகனோ உயரத்தில் இரண்டுக்கும் நடுவே, நீளத்தில் மட்டும் யாருக்கும் அடங்காது. மூன்றையும் கோத்து ஓட்டினால் கூரைகள் ஏறியும் இறங்கியும் கோணல் பல்வரிசை போலப் போகும். அதைப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "உங்காளு ஸ்கேலைத் தலைகீழாப் புடிச்சு அளந்திருக்கான்யா!" என்பார். "உங்காளு தூக்கத்துல அளந்திருக்கான்!" என்பேன் நான். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அந்த மனிதரின் சந்தோஷமே இருந்தது.

அந்தச் சண்டை முற்றிச் சங்கம் உடையப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். எந்தக் கம்பெனியின் அளவு சரி? யார் தீர்ப்புச் சொல்வது? அப்போதுதான் பழைய சாமான் மூட்டையோடு அந்தச் சாம்பல் நிற வேகன் வந்து சேர்ந்தது. அடியில் முத்திரை இல்லை, அட்டைப்பெட்டி இல்லை, யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாது. 'அநாதை' என்று பெயர் வைத்தோம். எந்தக் கம்பெனியையும் சேராததால் அதுதான் நடுநிலையாக இருக்கும் என்று முடிவு கட்டினோம்! இப்படியொரு நியாயத்தை உலகத்தில் வேறு யாராவது கேட்டிருப்பார்களா? அன்றிலிருந்து எந்தப் புது வேகன் வந்தாலும், ஒரு வாரம் அநாதைக்குப் பக்கத்தில், இதோ எனக்குப் பின்னால் இருக்கும் இந்த அலமாரியில் நிற்க வேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்று அண்ணன் எல்லார் முன்னாலும் அறிவிப்பார். அதற்குப் பிறகே தண்டவாளம். இதுதான் நம் சங்கத்தின் வழக்கமாயிற்று.

அந்த வித்தியாசம் மாறுவதை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். "என் வேகன் உயரத்துல எறங்கிருச்சு. உன்னோடது ஏறிருச்சு" என்றார். சக்கரம் தேய்ந்திருக்கும் என்றோம். நூலிழை வித்தியாசத்தையும் காட்டும் வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து அளந்து காட்டினார். வெர்னியர் பழுது என்றோம். புதிதாக ஒன்று வாங்கினார். மூன்று கம்பெனி வேகன்களின் கூரைமேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, "ஆடுதா பாரு. முன்னாடி எப்படி ஆடும்!" என்றார். சிரித்தோம். "கண்ணுல புரை விழுந்திருக்கும், காட்டுங்கண்ணே" என்றார் நம் பொருளாளர். தலைவரை மாற்றிவிடலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். பேச்சு மெல்லத் தெருவுக்கு இறங்கி, கடைக்குப் போய், வீட்டுக்கும் போய்விட்டது.

நேற்று அண்ணி என்னிடம் கேட்டார்: "தம்பி, கடைசிக் காலத்துல அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. நிஜமா அப்படியா? எதுவா இருந்தாலும் மேடையில சொல்லிடுங்க. தெரியாம நான் எப்படி அந்த வீட்டுல இருப்பேன்?"

அந்தக் கேள்விக்காக இன்று காலை இந்த அலமாரியைத் திறந்தேன். என் நீல வேகனை எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். மூடி மூடவில்லை! அண்ணனுடைய சிவப்பு வேகனை அதன் பெட்டியில் வைத்தேன். உள்ளே கடகடவென்று ஆடியது. பச்சை வேகன் அதன் பெட்டிக்குள் நீளத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கிடந்தது. மூன்றையும் வெளியே எடுத்து அநாதையோடு சேர்த்து நிறுத்தினேன். நான்கும் ஒன்று. வண்ணம்தான் வேறு. அநாதையின் கதவு கொஞ்சம் ஒருக்களித்திருந்தது. அது திறக்கும் கதவு என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஆகவே சபையறியச் சொல்கிறேன். அண்ணி, உங்கள் கணவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை! அவர் கண்ணிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை! இந்தக் கூடத்தில் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்!

கைதட்டாதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

நாம் எல்லாரும் இன்று அணிந்திருப்பது அண்ணன் கடைசியாக வெட்டிய சங்கச் சட்டை. அவர் நினைவாக அண்ணி வாசலில் கையில் கொடுக்க, அங்கேயே மாட்டிக்கொண்டு உள்ளே வந்தோம். நான் மேடை ஏறும்போது அண்ணி என் காதில் சொன்னார்: "இருபது சட்டையையும் ஒரே அளவுலதான் வெட்டினாரு தம்பி. 'என்ன இப்படி வெட்டறீங்க'ன்னு சத்தம் போட்டேன். 'போட்டுப் பாக்கட்டும், எல்லாருக்கும் சரியா இருக்கும்'னாரு. சொல்லிட்டு அழுதாரு."

தோழர்களே, யாருக்காவது தோளில் பிடிக்கிறதா? யாருக்காவது தொளதொளவென்று இருக்கிறதா? பொருளாளர் அவர்களே, உங்கள் தொப்பைக்கென்று அண்ணன் தனியாகத் துணி கேட்பாரே, அந்தத் தொப்பை எங்கே? ஒரு வாரம் அநாதைக்குப் பக்கத்தில் நின்ற வேகன்களுக்கே இந்தக் கதி. வருடக்கணக்காக வந்து நின்ற நமக்கு?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அண்ணன் விட்ட பணியை விடமாட்டோம் என்று இங்கே உறுதி எடுப்போம். அளப்போம்! வாரந்தோறும் முதுகோடு முதுகு நின்று ஒருவரையொருவர் அளப்போம்! ஒரு நூல் வித்தியாசம் யாரிடமாவது மிஞ்சியிருந்தால், அதை உரக்க அறிவிப்போம்! இந்த ஒரே அளவை வெளியே கொண்டுபோக மாட்டோம். யார் வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டோம்!

அண்ணி, நீங்கள் இந்த மாடிக்கு வந்தது இன்றுதான் முதல் தடவை. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி ஒரு நிமிடமும் இங்கே இருக்காதீர்கள். எழுந்திருங்கள். யாரும் கூட வரமாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படியிறங்கித் தெருவில் கால் வைக்கும்வரை நாங்கள் இருபது பேரும் எழுந்து நின்று மௌனம் காக்கிறோம். திரும்பி மட்டும் பார்த்துவிடாதீர்கள் அண்ணி. எழுந்து நின்றால் எங்களில் யார் யாரென்று உங்களுக்குத் தெரியாது.