சொல்லியாச்சுன்னு காட்டுது

இல்லீங்க சிஸ்டர், மெசேஜு வரலேன்னு நான் சொல்லல. என் போனுக்கு வந்துச்சு, அதான் கொடும. இங்க டெஸ்ட்டு குடுத்துட்டுப் போன எங்க தெருப் பொண்ணு பூங்கோதைக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. நீங்க கம்ப்யூட்டரப் பாத்துட்டு, பேஷண்டுக்குச் சொல்லியாச்சுன்னு காட்டுதுங்கறீங்க. யாரு சொன்னா?

என் நம்பரு எப்படியா? எங்க தெருப் பொம்பளைங்கள்ல போனு வெச்சிருக்கறவ நான் ஒருத்திதான். ஆம்பளைங்க போனு அவங்களோடயே வேலைக்குப் போயிடுது. இங்க ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு போடுற எடத்துல நம்பரு இல்லேன்னா சீட்டு கெடையாதுன்னாங்க. ராஜம்மா அக்கா நம்பரப் போடுங்கன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டாளுவ. யாருக்குச் சக்கரை, யாரு முழுவாம இருக்கா, எல்லாம் எனக்குத்தான் மொதல்ல வருது. நான் கொழாயடிக்குப் போனா பேச்ச நிறுத்திடறாளுவ.

அது கெடக்கட்டும். இந்தப் பொண்ணுக்கு ஒரு வழி சொல்லுங்க. செராமிக் கம்பெனில பொம்மைக்குப் பெயிண்ட்டு அடிக்கிறா. களிமண் மாவுத் தூசு, அதான் இருமுதுன்னு சிரிக்கிறா. சளியில டீபி இருக்குது, உடனே மாத்திரைக்கு வரணும்னு காலையில மெசேஜு வருது. படிச்சதும் பஸ்ஸு ஏறிட்டேன். ஆறு மாசம் முழுங்குனா சொவமாயிடும்னு எனக்கும் தெரியுங்க. அவ முழுங்கணுமே!

என்னாது, அவ விஷயத்த எங்கிட்ட பேசக்கூடாதா? ரகசியமா? அட கடவுளே, எனக்கே அனுப்பிட்டு எங்கிட்டயே ரகசியங்கறீங்களே!

நம்பர மாத்தணும்னா அவளே நேர்ல வரணுமா? என்னான்னு சொல்லி இட்டாறது? நீங்க ஒரு நட வூட்டுக்கு வந்து சொல்லிடுங்களேன், புண்ணியமாப் போவும்... ஓ, கம்ப்யூட்டர்ல சொல்லியாச்சுன்னு ஏறிட்ட பேருக்கு மறுபடி வூட்டுக்குப் போவ வழியில்லியா? சரிதான்.

நான் சொல்லலாந்தான். எனக்கென்ன வாயா இல்ல? எவ நம்புவா? இந்தச் சம்மந்தம் எங்களுக்கு ஆவாதுன்னு, அவ அப்பன் அர்ச்சுனன் வாசல்ல நின்னு, தெருவே பாக்க மண்ணள்ளித் தூத்துனவ நான். மாப்ள யாருன்னா கேக்குறீங்க? எம் மவன் அன்பரசன்தான். ஆவணியில கல்யாணம். அவன் புடிவாதத்துக்கு ஒத்துக்கிட்டேன்.

இப்பப் போயி பொண்ணுக்கு நோவுன்னா, கல்யாணத்தக் கெடுக்கக் கட்டிவுட்ட கதைம்பாங்க. போனக் காட்டுனா, யாரையோ புடிச்சு அனுப்பச் சொன்னேம்பாங்க. பெத்த புள்ளையே நம்ப மாட்டான்.

பொண்ணு எனக்குப் புடிக்கலேன்னுதாங்க சிஸ்டர் சொன்னேன். சாவட்டும்னு சொல்லலியே.