நூற்றுப் பதினேழாவது ஸ்பூன்

கொடைக்கானலில் துவைத்துப் போட்ட சட்டை காய்வதற்கே இரண்டு நாள் பிடிக்கும். பெயிண்ட் காய்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கீழே வத்தலக்குண்டில் காலையில் அடித்தால் மத்தியானம் தொட்டுப் பார்க்கலாம். இங்கே மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிவிடும். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் ஈரக்காற்று உள்ளே வந்து, அடித்த பளபளப்பெல்லாம் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிடும். அதனால்தான் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் அதை ஏதோ சதி மாதிரி எழுதியிருக்கிறார்கள், மேடம். தொழில் தெரிந்த எவனும் இந்த ஊரில் அப்படித்தான் செய்வான்.

என் தொழில் சின்னக் கார்கள் செய்வது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் ஒரு கார் இருந்தால் அதையே ஒரு சாண் நீளத்தில் செய்து தருவேன். நிறம் கம்பெனி நிறமாகவே இருக்கும். கார்க் கதவின் இடுக்கில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் அந்த நிறத்துக்கு ஓர் எண் இருக்கும். எண்ணைச் சொன்னால் மதுரையில் பெரிய காருக்கு அடிக்கிற பெயிண்டையே கலந்து தருவார்கள். ஆனால் அதை அப்படியே சின்ன வண்டியில் அடித்தால் இருண்டு தெரியும், உள்ளே இருக்கும் மினுக்குத் துகள் மணல்போலத் துருத்தும். துளித்துளியாக வேறு நிறம் சேர்த்து அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பேனா அளவுள்ள ஏர்பிரஷால் புகைபோல அடிக்க வேண்டும். அதன்மேல், இறுகுவதற்கு ஹார்ட்னர் என்ற மருந்து கலந்து, கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்பு ஒரு பூச்சு. வண்டியின் அடியில் சின்னதாக எஸ்.கே. என்று பொறிப்பேன். சந்தோஷ்குமார். நிறம் என்றால் எஸ்.கே. என்று பெங்களூரில்கூடச் சொல்வார்கள்.

உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தச் செம்புநிற வண்டியை எடுத்துப் பார்ப்பதானால் தயவுசெய்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சற்றுமுன் ஏட்டையா அதைத் தூக்கியபோது எனக்குக் குமட்டியது. மனிதக் கை என்பது எப்போதும் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்த கைதான். எண்ணெய், வியர்வை, எச்சில். காயாத கிளியரில் ஒரு தலைமுடி விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதை ஒரு வியாதி என்று என் அம்மா சொல்வாள். நான் சுத்தம் என்று சொல்வேன்.

ரோகிணியை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அவள் கை வியர்க்காது என்பதுதான். மலைமேல் ஒரு பூப்பண்ணையில் கார்னேஷன் பூக்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருந்தாள். நமக்கு எல்லாம் ரோஸ் என்று தெரிவதை அவள் ஏழு ரோஸாகப் பிரித்து ஏழு வாளியில் போட்டாள். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. முடியாது என்பதற்கு ஏலாது என்பார்கள். அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

ஆறு வருடம் நன்றாகவே போனது. கை என்னுடையது, கண் அவளுடையது. அவள் ஒவ்வொரு நிறத்தையும் கலந்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்து, குழிந்த பக்கத்தில் எண், தேதி, யாருடைய வண்டி என்பதையெல்லாம் எழுதி, பட்டறைச் சுவரில் வரிசையாக மாட்டிவிடுவாள். நான் ஸ்பூனைப் பார்த்து அடிப்பேன்.

எரிச்சல் என்றால் அவள் அண்ணன் குகனால் வந்ததுதான். பூம்பாறைப் பக்கம் பூண்டு போட்டிருக்கிறான். மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்குவான். பூண்டுத் தோல் எவ்வளவு லேசு என்று உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தால் எழும்பிப் பறக்கும். ஒருமுறை வெள்ளை வண்டி ஒன்றின் பானட்டில் ஒரு துணுக்கு ஒட்டிக் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் பூண்டு கூடாது என்றேன். ரோகிணி சிரித்துக்கொண்டே, "ரசத்துக்கு ரெண்டு பல்லுகூட வேணாங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதற்கும் சம்மதித்தாள். அதே வண்டியின்போதுதான் அவள் பாதிப் பூச்சில் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு கிளியர் அடிக்கும்போது உள்ளே பூட்டிச் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கமானது.

இருமல் போன வருடம் ஆரம்பித்தது.

முதலில் கிளியர் அடிக்கும்போது மட்டும். பிறகு அடித்து முடித்து மறுநாள் வரை. அவள் பக்கத்தில் நின்றால்தான் வேலை நடக்கும். ஏனென்றால் கிளியர் மேலே விழுந்ததும் அடியில் இருக்கும் நிறம் மாறும், அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒரு நாள் ஒரு வண்டியின் காயாத கூரைமேல் இருமிவிட்டாள். மூன்று துளி. மூன்றும் கொப்புளம்போல எழும்பி நின்றன. எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. அவள் சளி என் வண்டிக்குள் இருக்கிறது என்ற நினைப்பில் அன்றிரவு அவள் பக்கத்தில் படுக்கவில்லை.

எனக்கு ஒரு முகமூடி உண்டு. இரண்டு கன்னத்திலும் டப்பா மாதிரி ஃபில்டர் வைத்தது. மாதம் ஒருமுறை மாற்றுவேன். ஹார்ட்னர் டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவன் நான். அந்த ஆவி நுரையீரலை என்ன செய்யும் என்பது தெரியாமல் அடித்தேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது பொய். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ரோகிணிக்கும் அதேபோல ஒரு முகமூடி வாங்கிக் கொடுத்தேன். இங்கேதான் நீங்கள் எல்லோரும் தடுமாறுகிறீர்கள். அவளுக்கு எதற்கு முகமூடி? அவள் எச்சில் வண்டியில் விழாமல் இருக்க. அதற்குப் புது ஃபில்டர் தேவையில்லை. நான் ஒரு மாதம் போட்டுக் கழற்றியதே போதும். யோசித்துப் பாருங்கள், இதில் எங்கேயும் தப்பு இல்லை. பழையது என்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்பாள், பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் எனக்குக் கை நடுங்கும். அதனால் பழைய ஃபில்டரைத் துடைத்துப் புதுப் பாக்கெட்டில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். பதினொரு மாதம்.

அக்டோபரில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை உள்ளே ஆவி பிடிக்க வைத்துவிட்டு டாக்டர் என்னை வெளியே அழைத்தார். வயதானவர், நிதானமாகத்தான் பேசினார். "தம்பி, ஒங்க வீட்டுக்காரம்மா இனிமே அந்த ரூம் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாது. அந்தப் பெயிண்ட் மருந்து அவங்களுக்கு ஒத்துக்காமப் போயிருச்சு. அடுத்த தடவ வந்துச்சுன்னா மலையிலருந்து எறக்கிக் கொண்டாரதுக்குள்ள சோலி முடிஞ்சிரும்."

தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறியதும் ரோகிணி, "என்னவாம்?" என்றாள்.

"தூசி அலர்ஜி. மாஸ்க்கை ஒழுங்காப் போடச் சொல்றாரு."

அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மலை ஏறும்வரை அவள் மூச்சு கண்ணாடியில் ஈரமாகப் படிந்து படிந்து மறைந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவளை அந்த அறைக்கு வெளியே வைத்திருக்கலாமே என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். கையில் ஒரே ஒரு வண்டி இருந்தது, இந்தச் செம்புநிற வண்டி. கண்காட்சிக்குப் போக வேண்டியது. அந்த நிறத்துக்கு அவள் பதினொரு முறை கலந்தாள். நூற்றுப் பதினாறாவது ஸ்பூன். இந்த ஒன்று முடியட்டும், பிறகு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன்.

நவம்பரில், அது நடந்த வாரம் புதன்கிழமை, அவளுக்கு ஃபில்டர் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தேன். பிரித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இது புதுசுதானுங்களா?"

"இன்னைக்குத்தான் வந்துச்சு."

விரல் நுனியால் அதன் ஓரத்தைத் தடவினாள். பிறகு "ம்" என்றாள். என்னை நம்பினாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். என்னை நம்பாதிருக்க அவளுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. அன்று சாயங்காலம் சுவரில் புதிதாக ஒரு ஸ்பூன் மாட்டியிருந்தாள். செம்பு நிறத்தில் இன்னொரு முறை முயன்று பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழமை அண்ணன் வருது. நான் அம்மா வூட்டுக்குப் போறேன். இனி ஏலாதுங்க" என்றாள். சண்டையில்லை, அழுகையில்லை. போ என்றேன். நாளைக்குக் கிளியர் அடிக்கும்போது மட்டும் நிறம் எப்படி நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போ என்றேன்.

"கதவத் தொறந்து வையுங்க. வாசல்லயே நின்னு பாத்துச் சொல்றேன்."

"பனி வரும், ரோகிணி."

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு வந்தாள். பதினொரு முறை கலந்தவளுக்கு அந்த நிறத்தைக் கடைசியாகப் பார்க்க ஆசை இருக்காதா. முகமூடி ஆணியில் தொங்கியது. அவளோ சால்வையை நனைத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிச் சால்வை, அதிலிருந்து எவ்வளவு நூல் பறக்கும். அதைக் கழற்றச் சொல்லி முகமூடியை நானே மாட்டிவிட்டேன். பூட்டினேன். கம்ப்ரசரைப் போட்டேன்.

கூரையில் கிளியர் விழுந்ததும் நிறம் எழும்பி வந்தது. அவள் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். சரி என்று அர்த்தம். அதன்பிறகு அவளுக்கு அங்கே வேலையில்லை என்பது உண்மைதான்.

கதவில் முதல் தட்டு கேட்டபோது நான் பானட்டுக்கு வந்திருந்தேன். வெளியே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் கதவைத் தட்டினாள். "சாவி" என்றாள். பிறகு "சாவிங்க" என்றாள். கிளியரைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், ஆயுசுக்கும் போகாது. "இரு" என்றேன். பானட், இரண்டு பக்கமும், பின்பக்கம். நாலு நிமிடம் இருக்கும். என் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. நீங்களே பாருங்கள், எங்கேயாவது கோடு இருக்கிறதா.

முடித்ததும் கதவைத் திறந்தேன் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் வண்டியைத் தூசி படாமல் பெட்டிபோட்டு மூடினேன். பிறகு ஏர்பிரஷைத் தின்னரில் கழுவினேன். ஹார்ட்னர் உள்ளே இறுகினால் ஊசி வீணாகிவிடும். அதன்பிறகுதான் கதவைத் திறந்தேன். கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் கதவு போன பக்கமே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆஸ்துமாச் சாவு என்று எழுதிக் கொடுத்தார்கள். குகன் ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூட்டிக்கொண்டு போகவே வந்தான். பதினாறாம் நாள் மறுபடி வந்து என் முன்னால் நின்றான். அவளுடைய நகை, புடவை எதையும் கேட்கவில்லை. "மாப்பிள்ள, அந்த ஸ்பூனுகள்ல தங்கச்சி கையெழுத்து கெடக்குல்ல. அதக் குடுங்க போதும்" என்றான். நானே கழற்றி, துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். வீட்டில் அவளுடைய மிச்சம் எதுவும் இல்லாமல் போனால் சுத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

அந்தப் பெட்டியிலிருந்துதான் இரண்டு ஸ்பூன்களை நீங்கள் எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஒன்று செம்பு, ஒன்று பச்சை, எது பச்சை என்று கேட்டீர்கள். நான் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கவனித்திருப்பீர்கள்.

நூற்றுப் பதினேழின் குழிவில் எழுதியிருப்பதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். 'புதன்கிழமை புது ஃபில்டர்மேல் இருந்த பச்சை. அக்டோபரில் கோயம்புத்தூர் டாக்டரம்மாவுக்கு அடித்த வண்டி. புதுசு என்று சொன்னார்.' அந்த ஃபில்டரைச் சுற்றி ஒரு பழுப்புப் பட்டை உண்டு. அதன்மேல் படிந்திருந்த பச்சைத் தூளை நான் துடைக்கவில்லை. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது. அந்த ஸ்பூனையும் பதினைந்து நாளுக்கு மேல் சுவரில் பார்த்துக்கொண்டே நின்று, துடைத்து, என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பச்சையும் பழுப்பும் செம்பும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒன்றுதான். உலகத்தில் இது ரோகிணி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். பழைய ஃபில்டரைப் புதுசு என்று கொடுத்தேன். டாக்டர் சொன்னதை மறைத்தேன். தட்டியது கேட்டது, சாவி என் பையில் இருந்தது, முடித்து, மூடி, கழுவிவிட்டுத்தான் திறந்தேன். கொலை என்று போடுவதானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு நிறம் தெரியாது என்பதை மட்டும் எழுத வேண்டாம். வெளியே எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.