ரெண்டரை லட்சத்துக்குள்ள

— இன்னொரு வாய் வாங்கிக்குங்க. ரசம் ஆறிப் போகுது.

— போதும் ராணி. பச்சப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி...

— பச்சப் புள்ளகூட இவ்வளவு அடம் பண்ணாது. நாளைக்குக் கோர்ட்டுல மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?

— நீ வர வேணாம்னு சொன்னேன்ல.

— ஒத்தைக் கையோட ஆட்டோ ஏறுவீங்களா?

— வலது கைதான் செத்துப் போச்சு. காலு நல்லாத்தானே இருக்கு.

— அப்படிச் சொல்லாதீங்க. லாரிக்காரன் இடிச்சது இடிச்சுட்டான். நரம்ப ஒட்ட வச்சா விரல் மடங்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. நஷ்டஈடு மட்டும் வந்துட்டா...

— எட்டு மாசமா இதையே பாடுற.

— பாடுவேன். நீங்க மறுபடி வெல்டிங் டார்ச்சப் புடிக்கணும். தமிழ்மணி பத்த வச்சா, பைப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாலும் ஒட்டுல ஒரு ஓட்டை தெரியாதுன்னு காண்ட்ராக்டர் சொல்லுவாருல்ல... வக்கீல் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க.

— என்னத்தச் சொல்றது. நான் மாசம் இருவதாயிரம் சம்பாதிக்கிற ஆளாம். வருமான வரி ரிட்டர்ன்ல அப்படித்தான் இருக்காம். அதை வச்சுத்தான் நஷ்டஈடு போடுவாங்களாம்.

— வடக்க கோர்பாவுல முப்பத்தஞ்சு நாளுக்கு ஒன்றரை லட்சம் கொண்டாந்தீங்களே!

— அது பவர் பிளான்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாத்தப்ப. அப்பத்தானே கூப்புடுவான். வருசத்துல அஞ்சு மாசம் ராஜா, மிச்ச ஏழு மாசம் இந்தக் கட்டிலு.

— ஆனாலும் வருசத்துக்கு ஆறு லட்சம் வந்துச்சுல்ல?

— வந்துச்சு. பேங்க்ல பாதி, கையில பாதி. எல்லாத்தையும் எழுதித்தான் பிரவுசிங் சென்டர் லூர்துராணிகிட்ட குடுத்தேன். ரிட்டர்ன்ல ரெண்டு லட்சத்து நாப்பதாயிரந்தான் இருக்கு.

— வரி வந்துருமேன்னு கொறச்சுப் போட்டிருக்கும்...

— ஆறு லட்சத்துக்கு ஒத்த ரூபா வரி கிடையாதாம்.

— கிடையாதா?

— விடு ராணி. ஏன் கிண்ணத்தக் கீழ வச்சுட்ட?

— அந்தக்கா மேல உங்களுக்குக் கோவமே வரலையா?

— அது மேல எதுக்குக் கோவம்?

— இப்ப மாத்தி எழுதுனா?

— அடிபட்டதுக்கு அப்புறம் கூட்டி எழுதுனா எவன் நம்புவான்? விடுன்னு சொல்றேன்ல. நீ ஒரு வாய் சாப்புடு.

— நான் ஒண்ணு சொல்றேன். என் மூஞ்சியப் பாக்காதீங்க.

— ஒண்ணும் சொல்ல வேணாம்.

— சொல்லலன்னா செத்துருவேங்க... நான்தான் அந்தக்கா கடைக்குப் போயி, ரெண்டரை லட்சத்துக்குள்ள போடுங்கன்னு கேட்டேன். ரெண்டரைக்கு மேல காட்டுனா மகளிர் உரிமைத் தொகைய நிறுத்திருவாங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க.

— ஆயிரம் ரூபா...

— உங்களுக்கு அது ஆயிரம். வேலை வராத ஏழு மாசமும் வீட்டுல காசு இருக்கான்னு ஒரு நாளு கேட்டிருப்பீங்களா? இருக்குன்னு நெனச்சுக்கிட்டீங்க. அந்த ஆயிரத்த வச்சுத்தான் நான் இருக்குற மாதிரி காட்டுனேன்.

— அந்தத் தண்ணிய இப்படிக் குடு.

— திட்டவாவது செய்யுங்களேன். நாளைக்கு நானே கூண்டுல ஏறி ஜட்ஜ் அய்யாகிட்ட சொல்லிர்றேன். வாங்குன ஆயிரத்தையெல்லாம் திருப்பிக் கட்டுறேன். எம் புருசன் சம்பாத்தியம் இருவதாயிரம் இல்லைய்யான்னு கத்துறேன்...

— நாளைக்குக் கேஸ் நடக்காது ராணி.

— ஏன்? தள்ளி வச்சுட்டாங்களா?

— போன செவ்வாக்கெழம நீ காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தப்ப லூர்துராணி வந்துச்சு. சாட்சிக்குக் கூப்புட்டிருக்காங்கன்னு ஒரே அழுகை. "யாரு சொல்லிக் கொறச்சன்னு கேட்டா, உன் பொண்டாட்டி பேரத்தான் தம்பி சொல்லணும்"னுச்சு.

— அப்ப... அன்னைக்கே தெரியுமா?

— தெரியும். உன்னக் கூண்டுல நிறுத்தி, ஆயிரம் ரூபாய்க்குப் பொய்க் கணக்கு எழுத வச்சியான்னு ஊரு முன்னாடி கேக்க விடுவேனா? அன்னைக்கே வக்கீல வரச் சொல்லி, லாரி இன்சூரன்ஸ் கம்பெனியோட சமரசத்துக்கு ஒத்துக்கிட்டேன்... மூணரை லட்சம். ஆஸ்பத்திரிக் கடனுக்கே சரியாப் போயிரும். இனிமே அப்பீலும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. கையெழுத்து வரல ராணி... எடது பெருவிரல உருட்டி வச்சுக் குடுத்துட்டேன்.