உம் கொட்டும் வரை

கோரிமேடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளம் தம்பதி. அவனுக்கு ஏதோ நெட்வொர்க்கிங் பரீட்சை. அவள் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்னாலெட்ஜ்மென்ட்னா?"

"உம் கொட்டறது."

"கம்ப்யூட்டரா உம் கொட்டும்?"

"ஆமா. அனுப்புனது வந்துடுச்சுன்னு எதிர்ப்பக்கம் சொல்லணும். சொல்லலேன்னா திரும்ப அனுப்பும்."

"ஒடனேயா?"

"கொஞ்சம் காத்திருந்து. அப்பவும் பதில் இல்லேன்னா, இன்னும் கொஞ்சம் கூடக் காத்திருக்கும்."

அவள் நோட்டை மூடினாள்.

"ஆஸ்பத்திரியில நாலு நாளா அப்பாகிட்ட பேசறேன். ஒரு உம் கூட கொட்டலைங்க."

"இன்னிக்கும் பேசு."

"எத்தன தடவதான் அனுப்பும் அது?"

"கம்ப்யூட்டர் ஒரு அளவுக்கு மேல விட்டுரும். நீ விடாத."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் "ம்" என்றாள்.