திறக்காத சுறா

பிப்பாலுக்: கயிறு இப்படிக் கனக்குதே அத்தான்... தட்டைமீனா இருந்தா இவ்வளவு கனம் இருக்காதே.

ஏனோக்: நீ தள்ளி நில்லு முதல்ல. தம்பி பொண்டாட்டி, அதுவும் நிறைமாசக்காரி, பனியில வெட்டின ஓட்டை விளிம்புல நின்னு எட்டிப் பாக்கறே. உன் மாமியார் பாத்தா என் தோலை உரிச்சுக் காயப் போட்டுடுவா.

பிப்பாலுக்: அத்தைதான் அனுப்பிச்சாங்க. "என் பெரியவன் காலையில ஒண்ணும் சாப்பிடாம போயிட்டான், சீல் சூப்பைக் கொண்டுபோய்க் குடு"ன்னு.

ஏனோக்: குடுத்துட்டல்ல? நாய் வண்டியில போய் உக்காரு.

பிப்பாலுக்: உக்காந்தா எந்திரிக்கறதுக்கு நீங்களும் எட்டு நாயும் சேந்து இழுக்கணும். நிக்கறேன்.

ஏனோக்: சொன்ன பேச்சைக் கேக்கறதுன்னா உனக்கு... இரு, கயிறு சுத்தற ராட்டினம் முனகுது.

பிப்பாலுக்: துள்ளவே இல்லியே.

ஏனோக்: துள்ளலேன்னா வேற யாரு? அந்தச் சோம்பேறிதான். சனியன்!

பிப்பாலுக்: சுறாவா?

ஏனோக்: வாலுல கயித்தைச் சுத்திக்கிட்டு வருது பாரு. தூண்டில் முள்ளுல மாட்டின தட்டைமீனையெல்லாம் தலையை மட்டும் எனக்கு விட்டுட்டு மீதியை அது முழுங்கியிருக்கும். ஒரு நாள் பொழப்பு போச்சு.

பிப்பாலுக்: அம்மாடி... என்ன பெரிசு!

ஏனோக்: மூஞ்சிதான் வந்திருக்கு. மீதி இன்னும் உள்ளே.

பிப்பாலுக்: நாத்தம் குடலைப் புடுங்குது.

ஏனோக்: கடலம்மாவோட மூத்திரச் சட்டியில பொறந்ததுன்னு சும்மாவா சொன்னாங்க? டென்மார்க்காரங்க இதுக்கு 'கிரீன்லாந்து சுறா'ன்னே பேரு வெச்சிருக்காங்க.

பிப்பாலுக்: நம்ம நாட்டுப் பேரை வைக்க வேற நல்ல மீனே கிடைக்கலியா?... கண்ணுல என்ன தொங்குது, நூல் மாதிரி?

ஏனோக்: புழு. கண்ணுமணியிலயே குடியிருக்கும். பாதிக்கு மேல குருடுதான். அந்த ஆழத்துல இருட்டைத் தவிர என்ன இருக்கு பாக்கறதுக்கு? மூக்கு ஒண்ணு போதும், அதுக்கு.

பிப்பாலுக்: பாவம்.

ஏனோக்: என்னைப் பாத்தா பாவமா இல்ல, இதைப் பாத்தா பாவம்!

பிப்பாலுக்: என்ன வயசிருக்கும்?

ஏனோக்: போன கோடையில கப்பல்ல வந்த ஆராய்ச்சிக்காரங்க கண்ணுக்குள்ள இருக்கற வில்லையை எடுத்து வயசு பாத்தாங்க. இந்த அளவுன்னா நம்ம ஊருக்கு முதல் பாதிரியார் வர்றதுக்கு முந்தியே பொறந்திருக்கலாம்னாங்க. பொட்டை பெரியவளாகவே நூத்தைம்பது வருஷம் ஆகுமாம்.

பிப்பாலுக்: அதுக்குக் காதல் வர்றதுக்குள்ள நம்ம பனிமலையெல்லாம் உருகிடும்.

ஏனோக்: குட்டிதான் போடுமாம், முட்டை இல்ல. எவ்வளவு காலம் சுமக்கும்னு ஒருத்தருக்கும் சரியாத் தெரியல. வருஷக் கணக்கா இருக்கும்னாங்க.

பிப்பாலுக்: வேண்டாம் சாமி. எனக்கு இந்த ஒம்பது மாசமே முதுகை ஒடிச்சிடுச்சு.

ஏனோக்: சரி, அந்தக் கத்தியை இப்படித் தள்ளு. கயித்தை அறுத்து விட்டுடறேன்.

பிப்பாலுக்: விடப் போறீங்களா?

ஏனோக்: வேற என்ன பண்ண? மாலையா போட?

பிப்பாலுக்: வயித்தைத் திறந்து பாக்கலியா?

ஏனோக்: எதுக்கு? பச்சைக் கறி விஷம். போன வருஷம் நாய்ங்க தின்னுட்டு, சம்பளத்தன்னிக்குக் குடிச்ச ஆளுங்க மாதிரி தள்ளாடிச்சே, மறந்துட்டியா?

பிப்பாலுக்: கறியை யார் கேட்டா? முன்னெல்லாம் திறப்பீங்களே. முழுங்கின முள்ளையெல்லாம் எடுப்பீங்க. ஒரு தடவை கலைமான் தலையே கொம்போட வந்துதுன்னு ஊரையே கூட்டினீங்க.

ஏனோக்: கை வலிக்குது.

பிப்பாலுக்: இந்தக் குளிர்காலம் பூரா ஒண்ணைக்கூட நீங்க திறக்கல. ஊர்ல பேசிக்கறாங்க.

ஏனோக்: ஊருக்கு வேற வேலை ஏது?

பிப்பாலுக்: அப்போ நான் திறக்கறேன். கத்தி என் கையிலதானே இருக்கு.

ஏனோக்: பிப்பாலுக்!

பிப்பாலுக்: என்ன?

ஏனோக்: ...வேண்டாம் தாயி. கீழே வை.

பிப்பாலுக்: உள்ள என்ன இருக்கும்னு இப்படிப் பயப்படறீங்க? உங்க தம்பி மலைக்குப் போயிட்டார்னு சொன்னது நீங்கதானே? கடல் உறைய ஆரம்பிச்ச சமயத்துல வண்டியெடுத்துட்டுப் போனவரு... தடம் கரையேறி மலைப்பக்கம் போச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொன்னீங்க. கயிறு போடற இடத்துக்காக என்னோட சண்டை போட்டான், மனசு வெறுத்து நாயை வீட்டுக்கு விரட்டிட்டு மலையில போய்த் திரியறான், கோவம் தணிஞ்சா வருவான்னு அத்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்க. மலையில திரியறவரு சுறா வயித்துக்கு எப்படி வருவாரு?

ஏனோக்: காத்து ஏறுது. கிளம்பு, கொண்டுபோய் விடறேன்.

பிப்பாலுக்: பதில் சொல்லுங்க அத்தான்.

ஏனோக்: நீ மட்டும் என்னவாம்?

பிப்பாலுக்: நான் என்ன பண்ணினேன்?

ஏனோக்: "வந்துடுவாரு, வந்துடுவாரு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றே. அவன் பூட்ஸை அடுப்பு பக்கத்துல காய வெச்சிருக்கே. எங்கே, அவன் பேரைச் சொல்லு பாப்போம்.

பிப்பாலுக்: ...

ஏனோக்: உசிரோட இருக்கறவன் பேரைச் சொல்ல என்ன தடை? செத்தவங்க பேரைத்தானே நாம வாயில எடுக்க மாட்டோம், ஒரு குழந்தைக்கு அந்தப் பேரை வைக்கிற வரைக்கும்? நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். "அவரு", "உங்க தம்பி", "குழந்தையோட அப்பா"... பேரு மட்டும் உன் வாயில வரவே இல்ல.

பிப்பாலுக்: நீங்க சொன்னீங்களா?

ஏனோக்: நானா...

பிப்பாலுக்: "அவன்", "தம்பி", "அந்தக் கழுதை". எனக்கும் காது இருக்கு.

ஏனோக்: ...அம்மாவும் சொல்றதில்ல.

பிப்பாலுக்: ஆமா. "என் சின்னவன்"ங்கறாங்க.

ஏனோக்: அப்போ மூணு பேரும்...

பிப்பாலுக்: மூணு பேரும்தான். ஒருத்தருக்கொருத்தர் நல்லா நடிச்சிருக்கோம். என்ன பாத்தீங்க அன்னிக்கு?

ஏனோக்: தடம் மலைக்குப் போகல. நீரோட்டம் ஓடுற முனை இருக்கில்ல, அங்க பனி எப்பவும் மெல்லிசு. அதுல ஒரு ஓட்டை... நான் போறதுக்குள்ள அதுவும் மூடி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பனியைக் குத்திப் பாக்கற அவனோட கோல் பக்கத்துல கிடந்தது. ஓட்டையை மறுபடி உடைச்சு, அதை உள்ளே தள்ளிட்டு வந்தேன்.

பிப்பாலுக்: எதுக்கு?

ஏனோக்: உனக்கு ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. இதாவது தங்கட்டும்னுதான். இவ நம்பிட்டு இருக்கட்டும், பொறந்தப்புறம் சொல்லிக்கலாம்னு... உனக்கு எப்படித் தெரியும்?

பிப்பாலுக்: நாய்ங்க தனியா வந்துதே, அப்பவே. மார் மயிரெல்லாம் பனி கட்டி... நக்கிப் பாத்தேன். உப்பு. அத்தை வெளியில வர்றதுக்குள்ள எல்லாத்தையும் தட்டி உதுத்துட்டேன். உங்களையும் அந்த இடத்துக்குத் தேட அனுப்பி நீங்களும் போயிடக் கூடாதேன்னு பயம்.

ஏனோக்: வண்டி முழுகினா நாயையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கணுமே?

பிப்பாலுக்: வண்டியில பூட்டற வாரையெல்லாம் கத்தியால வெட்டியிருந்தது. எட்டு வாரும்.

ஏனோக்: அறுத்து விட்டானா?... நாயை அறுத்து விட்டுட்டு இருந்தானா, தண்ணிக்குள்ள தத்தளிச்சுக்கிட்டு? முட்டாப் பய. முட்டாப் பய... முதல்ல நீ மேல ஏற வேண்டாமாடா...

பிப்பாலுக்: சத்தம் போடாதீங்க. நாய்ங்க மிரளுது.

ஏனோக்: எல்லாம் தெரிஞ்சுட்டு எதுக்குத் தாயி இந்த வயித்தைத் திறக்கணும்ங்கறே? அதுக்குள்ள எதையாவது பாத்தா நீ தாங்குவியா?

பிப்பாலுக்: தாங்க மாட்டேன். ஆனா ஒரு கையுறை, ஒரு பொத்தான் கிடைச்சாக்கூட வீட்டுல கொண்டுபோய் மேசை மேல வெச்சுடலாம். வாயால யாரும் சொல்ல வேண்டாம். இது எந்த நாளும் பொறந்துடும். பேரு குடுக்கணும். பேரு கிடைக்காம அவரு எவ்வளவு நாள் குளிர்ல கிடப்பாரு?

ஏனோக்: பொண்ணா பொறந்தா?

பிப்பாலுக்: பேருக்கு ஆணு பொண்ணு ஏது? பேரு வந்தா சொந்தமும் கூடவே வந்துடும். அத்தை அதை "சின்னவனே"ன்னுதான் கூப்பிடப் போறாங்க, பாவாடை கட்டியிருந்தாலும்.

ஏனோக்: அப்போ கத்தியைக் குடு. இதோட வயித்துல நாம ஒண்ணும் தேட வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் நானே அம்மாகிட்ட சொல்றேன்.

பிப்பாலுக்: நானும் பக்கத்துல இருப்பேன்.

ஏனோக்: தள்ளிக்கோ... ம். அறுத்தாச்சு.

பிப்பாலுக்: என்ன மெதுவாப் போகுது! இன்னும் தெரியுது வெள்ளையா... போயிடுச்சு. அத்தான்? அழுதா இமை ஒட்டிக்கும்.

ஏனோக்: அழல. காத்து.

பிப்பாலுக்: சரி, காத்துதான்.

ஏனோக்: பொறந்த உடனே அந்தப் பேரை முதல் தடவை யாரு கூப்பிடறது? அம்மாவா, நீயா?

பிப்பாலுக்: பொறக்கற வரைக்கும் யாரு காத்திருந்தா? நாய்ங்க தனியா வந்த ராத்திரியே போர்வைக்குள்ள மெல்லமாக் கூப்பிட்டுட்டேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா வயித்துல உதைச்சாரு. இப்பக்கூட பாருங்க... தோபியாஸ், கொஞ்ச நேரம் சும்மா இருடா. உன் அண்ணன் அழறாரு.