தொட்டியின் அடியில் ஒட்டியது

அப்போதெல்லாம் காலையில் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் மாமனார், எண்பது லிட்டர் வெந்நீர்.

வெந்நீர் எனக்குப் பிடிக்கும். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். மூன்று வருடம் குளிர்பதனக் கிடங்கில் இரவுப் பணி பார்த்தேன். எலும்புக்குள் ஏறிய குளிர் வேலையை விட்ட பிறகும் இறங்கவில்லை. வேலைக்குப் போகிறவர்தான் முதலில் குளிக்க வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். நியாயமானது. அவளுக்குப் பின் மாமனார். ஓய்வுபெற்றவர், ஓய்வாகவே குளிப்பார். எனக்கு மிஞ்சியது குழாயின் பெருமூச்சு.

விடியற்காலையில் ஒருமுறை மட்டும் சூடாகும் எங்கள் வெந்நீர்த் தொட்டியில் எவ்வளவு சூடு மிச்சமிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று ஒரு வெப்பநிலை சென்சார் வாங்கினேன். தொட்டியின் பஞ்சு உறையில் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, உலோகச் சுவரோடு சென்சாரை அழுத்தி டேப் ஒட்டினேன். வயரை இழுத்துவந்து குளியலறை வாசலில் ஒரு சின்னத் திரையை மாட்டினேன். மாமனார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்தவர். திரையில் எண் வந்ததும் பேரக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முதலில் சென்சாரை மேல்பக்கம் ஒட்டியிருந்தேன். திரை ஐம்பத்தெட்டு காட்டியது. இன்னும் நிறைய இருக்கிறதே என்று இருவரும் பத்து நிமிடம் கூடுதலாகக் குளித்தார்கள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு யாரும் இல்லாத நேரத்தில் சென்சாரைக் கழற்றி, தொட்டியின் அடியில், பச்சைத் தண்ணீர் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சூடு மேலே போகும், குளிர் கீழே தங்கும். இது நான் உண்டாக்கிய விதி அல்ல. திரை இருபத்திரண்டு காட்டியது. அந்த இடத்தில் இருபத்திரண்டுதான். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு வயதாகிவிட்டது என்று மாமனாரே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பச்சைத் தண்ணீருக்கு மாறினார். மனைவி மட்டும் ஒருநாள் சந்தேகப்பட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தாள்.

"அப்பா, சுடுதுப்பா."

"அது குழாய்க்குள்ள தங்கின தண்ணிம்மா. கை ஏமாத்தும், மீட்டர் ஏமாத்தாது. மூடு, இருக்கறதும் போயிடும்."

அவளுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூடினாள்.

நான் பதினொரு மணிக்குக் குளிப்பேன், நிதானமாக. ஒருநாள் கதவைத் திறந்தபோது ஆவியும் என்னோடு வெளியே வந்தது. எதிரில் மாமனார். ஆவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இப்படிக் கொதிக்குது? பச்சைத் தண்ணி ஆவியாப் போற அளவுக்கா ஜுரம்?"

மாத்திரை கொடுத்தார். விழுங்கினேன். பெரியவர் மனம் நோகக் கூடாது.

இருமல் வந்தது அவருக்குத்தான். வெந்நீரில் குளிக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் இருமல் கூடியது. புதுத் தொட்டி வாங்கலாம் என்று மனைவி அழுதாள். இருக்கிற தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. கடைசியில் அவர் சின்ன மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. நான் போகச் சொல்லவில்லை.

மனைவி பெட்டியோடு முன்னால் இறங்கிப் போய்விட்டாள். அவர் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருமலுக்காகப் போகல மாப்ளே. இருக்கற துளி வெந்நீருக்கு நான் வேற போட்டி. நான் போனா உங்களுக்காவது ஒரு வாளி கிடைக்கும். அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. வாக்கு விஷயத்தில் நான் கறாரானவன்.

அவர் இருமிக்கொண்டே படியிறங்கினார். வெளியே வாடைக்காற்று. அது யார் உடம்புக்கும் ஆகாது. அவர் இரண்டாவது படியில் இருக்கும்போதே கதவைச் சாத்திப் பூட்டினேன்.